கோடிச் சேலையும் காலி நாற்காலியும்

மங்கலத்து மண்ணுக்கு மதிப்பாய், இந்த மன்றத்துக்கு மூச்சாய் நடுவே வீற்றிருக்கும் அவைத்தலைவர் லிங்கசாமி ஐயா அவர்களே, ராயபுரத்துப் பெரியவர்களே, தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, தையல் மேசையை விட்டுத் தலைவாரக்கூட நேரமில்லாமல் ஓடிவந்திருக்கும் தங்கைமார்களே, பஞ்சுத் தூசியோடும் பாசத்தோடும் பந்தலுக்கு வெளியே நிற்கும் பனியன் கம்பெனித் தோழர்களே, எதிர்மாடியில் ஏறி நிற்கும் இளைஞர்களே, அந்தக் கைப்பிடிச் சுவர் பழசுங்க கண்ணுகளா, சாயாதீங்க, எல்லோருக்கும் என் இரு கை கூப்பிய வணக்கம்.

குரலால் குடும்பங்களைக் குலுக்கியவர், காற்றிலே கதை கட்டியவர், திருச்சி ரேடியோவிலே ‘அமராவதி’ என்றும், இந்த ராயபுரத்து வீதியிலே கமலாம்பாள் என்றும் அறியப்பட்டவர், இதோ இந்த மேடையின் நடுவே மாலையும் மௌனமுமாக அமர்ந்திருக்கிறாரே, அந்த அம்மையாருக்கு என் வணக்கம். அவர் அருகே கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அவர் கணவர் ஞானசம்பந்தம் ஐயாவுக்கும் வணக்கம். அம்மையாருக்கு வலப்பக்கம் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. அந்த நாற்காலிக்கும் என் வணக்கம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இருபது வருடம் மேடையேறியவன் இந்தச் சாமியப்பன். கூலி உயர்வுக்குப் பேசியிருக்கிறேன், கோயில் திருவிழாவுக்குப் பேசியிருக்கிறேன், ஒருமுறை மழைக்கு நடுவே குடை பிடித்துக்கொண்டு பேசியிருக்கிறேன். நாற்காலிக்கு வணக்கம் சொன்னது இன்றைக்குத்தான். ஏன் சொன்னேன்? சொல்கிறேன், பொறுங்கள்.

முதலில் ஒரு செய்தி. அம்மையார் இன்றைக்குப் பேச மாட்டார். ஆமாங்க, ஒரு வார்த்தை பேச மாட்டார். அவர் தொண்டையிலே ஒரு கட்டி. வருகிற வாரம் சென்னையில் ஆபரேசன். அதுவரைக்கும் முணுமுணுக்கக்கூடக் கூடாது என்று டாக்டர் கட்டளை. கட்டியை எடுத்தபிறகு குரல் இருக்குமா, இருந்தால் எந்தக் குரல் இருக்கும் என்று டாக்டரும் சொல்லவில்லை. எந்தக் குரலைக் கேட்க நீங்கள் மங்கலத்திலிருந்தும் மூலனூரிலிருந்தும் வண்டி பிடித்து வந்தீர்களோ, அந்தக் குரல் இன்றைக்கு உங்களுக்குக் கிடைக்காது. பொக்குனு போச்சா? எனக்கும் அப்படித்தான் போனது.

இரண்டாவது செய்தி அந்த நாற்காலி. அது அவர் உடன்பிறந்த அண்ணன் கந்தவேல் முதலாளியின் நாற்காலி. என் முதலாளியும் அவர்தான். அவர் கம்பெனியில் கட்டிங் டேபிளில் நிற்கிறவன் நான். போன மாதம் அழைப்புக் கொடுக்கச் சென்னைக்குப் போனபோது அம்மையாரிடம், உங்களுக்குப் பொற்கிழி வேண்டுமா, பொன்னாடை வேண்டுமா, வெள்ளிக் குத்துவிளக்கு வேண்டுமா என்று பெருமையாகக் கேட்டேன். அன்றைக்குக் கொஞ்சம் குரல் இருந்தது. அந்தக் கொஞ்சக் குரலிலே அவர் சொன்னது இதுதான்: “அதெல்லாம் ஒண்ணும் வேண்டாங்கண்ணா. பொணமாப் போனப்பறம் போடற துணிய, உசுரோட இருக்கையில ஒருக்கா எங்கண்ணன் கையால போடச் சொல்லுங்க. அப்பறம் தகிரியமா ஆபரேசனுக்குப் போயிருவேன்.”

அவ்வளவுதான் அவர் கேட்டது. அண்ணன் கையால் ஒரு துணி. துணிக்குப் பஞ்சமா திருப்பூரில்? தெருவெல்லாம் துணி, வண்டியெல்லாம் துணி, மூச்சு இழுத்தால் மூக்கெல்லாம் துணி. அந்த ஊரில் ஒரு தங்கைக்கு ஒரு துணி வரவில்லையே என்றுதான் இந்த நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஏனுங்க மைக்செட் தம்பி, இப்பக் கொரகொரங்குதே, அந்த ஒயரைக் கொஞ்சம் பாருங்க. கடைசி ஸ்பீக்கர்க் குழாய் எங்கே கட்டியிருக்கிறது? முதலாளி கம்பெனி வாசலிலா? சரி. சத்தம் குறையக் கூடாது. இன்றைக்கு நான் பேசுவது பாதி உங்களுக்கு, பாதி அந்தக் குழாய்க்கு.

வந்தவர்களே, இவரைத் தெரியுமா என்று உங்களைக் கேட்கலாமா? ‘வாய்க்கால் வீடு’ நாடகத்தில் மருமகளுக்குச் சோற்றில் உப்பை அள்ளிப்போட்ட மாமியார் யார்? அந்த உப்புச் சோற்றை அழுதுகொண்டே தின்ற மருமகள் யார்? தொட்டிலில் கிடந்து வீறிட்ட குழந்தை யார்? அன்றைக்கு மற்ற இரண்டு நடிகைகளும் ரயிலைத் தவறவிட்டார்கள். மைக்குக்கு முன்னால் இவர் ஒருவர்தான் நின்றார். இந்தப் பக்கம் திரும்பினால் மாமியார், அந்தப் பக்கம் திரும்பினால் மருமகள், குனிந்தால் குழந்தை. நடுவே ஆடு ஒன்று கத்த வேண்டும். அதையும் அவரே கத்தினார்.

மங்கலத்தில் ஒரு வீட்டில் அந்த மாமியார் மேல் வந்த கோபத்தில் ரேடியோவைத் தூக்கிச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார்களாம். அந்த வீட்டு ஆத்தாள் இங்கேதான் இருக்கிறார்கள், கையைத் தூக்குகிறார்கள் பாருங்கள். அம்மா, அந்த மருமகளுக்காக நீங்கள் விட்ட கண்ணீரும் இவருக்குத்தான், மாமியாருக்குக் கொடுத்த வசவும் இவருக்குத்தான். வசவைத் திருப்பி வாங்கிக்கொள்கிறீர்களா? மாட்டீர்களா? சரி, இருக்கட்டும்.

இத்தனை குரலுக்கும் சொந்தக்காரி ஒருத்தி என்று நமக்கு அன்றைக்குத் தெரியாது. அந்த ஒருத்தி இந்த ராயபுரத்தில் பிறந்தவள் என்று தெரியவே தெரியாது. ஏன் தெரியவில்லை? சொந்தப் பெயரைச் சொல்ல அவருக்கு வழியில்லை. கல்யாணமாகித் திருச்சிக்குப் போன கமலாம்பாளின் குரலைக் கேட்டு, இதை வீட்டுக்குள் பூட்டிவைக்க நான் யார் என்று ரேடியோ நிலையத்துக்குக் கூட்டிப்போனவர் இதோ இந்த ஞானசம்பந்தம் ஐயா. செய்தி ராயபுரத்துக்கு வந்தது. நாடகக்காரி என்ற பெயர் நம் குடும்பத்துக்கு எதற்கு, நாலு பேர் முகத்தில் நான் எப்படி முழிப்பேன் என்றார் அண்ணன். சும்மா சொன்னாரா? கிணற்றடிக்குப் போனார். எழவு விழுந்த வீட்டில் செய்வதுபோலத் தங்கை பெயரைச் சொல்லித் தலைமுழுகினார். அன்றைக்குக் கமலாம்பாள் பிறந்த வீட்டுக்குச் செத்துப்போனார், அமராவதி என்ற பெயரில் காற்றில் பிறந்தார்.

முதலாளி, கேட்கிறதா? உங்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. ஊரே அன்றைக்கு அப்படித்தான் பேசியது. நானும் அன்றைக்கு இங்கே இருந்திருந்தால் அப்படித்தான் பேசியிருப்பேன்.

இப்போது கோடிக் கதைக்கு வருகிறேன். அரைகுறையாக எல்லோரும் கேட்டிருப்பீர்கள், முழுதாக யாரும் கேட்டதில்லை. வெளியூர் நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் ஒரு பெண் இறந்துபோனால், பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுச் சேலை வந்தாக வேண்டும். அண்ணனோ தம்பியோ கொண்டுவந்து போடுவார்கள். அதற்குப் பெயர் கோடி. புருசன் வீட்டில் பட்டு இருந்தாலும், பிறந்த வீட்டுக் கோடி விழாமல் பாடையைத் தூக்க மாட்டார்கள். அந்தச் சேலைக்காகப் பொழுது சாயும்வரை காத்திருந்த எழவு வீடுகள் எத்தனை? உங்களுக்குத் தெரியாதா?

நான் இங்கே வேலைக்குச் சேர்ந்த வருடம் ரேடியோவில் பகல் நேரத் தொடர் நாடகம் ஒன்று. மருதாள் என்று ஒரு கிழவி. பிறந்த வீடு கைவிட்ட கிழவி. கம்பெனியில் ரேடியோ வைத்தால் கை ஓடும் என்று முதலாளியே வைத்துக்கொடுத்திருந்தார். நாடகம் ஆரம்பித்தால் செக்கிங் பெண்கள் பேச்சை நிறுத்துவார்கள், டைலர்கள் சத்தம் வராமல் மெதுவாக மிதிப்பார்கள். மருதாள் சாகிற நாள் வந்தது. கிழவி வாசலைப் பார்த்துக்கொண்டே கிடக்கிறாள். “அண்ணன் வந்துட்டானா? வாசல்ல செருப்புச் சத்தம் கேக்குதா பாருங்க,” என்று கேட்டுக்கொண்டே கிடக்கிறாள். அண்ணன் வரவில்லை. கிழவி போய்விட்டாள். கோடி போட ஆளில்லை என்று நாடகத்தில் ஒருவர் சொன்னார். நாடகம் முடிந்தது.

கம்பெனியில் ஒரு மெஷின்கூட ஓடவில்லை. ஒரு பெண் எழுந்து போய் முகத்தைக் கழுவினாள். செக்கிங் குப்பாயி அக்கா, எல்லோருக்கும் தெரியும், வாயைத் திறந்தால் கூரை ஆடும், அந்த அக்கா பனியன் குவியலைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று சொன்னாள்: “நாடகமோ கீடகமோ எனக்குத் தெரியாது. கோடி உழுகாம ஒரு பொம்பளைப் பொணம் போகக் கூடாது.” யாரும் சிரிக்கவில்லை. அது நாடகம் என்று தெரிந்தவர்களும் சிரிக்கவில்லை.

அப்போது உள்ளறையிலிருந்து வந்தார் கந்தவேல் முதலாளி. துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு வந்தார். அவரும் கேட்டிருக்கிறார். பொறந்த ஊடு இல்லாத பொம்பளைக்கு நாமளே பொறந்த ஊடா இருந்துட்டுப் போலாம், சேலை நான் எடுத்துத் தர்றேன், ரேடியோ ஆபீசுல கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க என்றார். எடுத்தும் தந்தார். சாதாரணச் சேலை இல்லை. அவர் வீட்டுப் பெண்களுக்கு என்று வழிவழியாக எடுக்கிற சேலை, கரை நெடுக வேல் வேலாகப் போட்ட சேலை.

கேளுங்கள் மக்களே, கேளுங்கள். ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன், ஒன்றாகத் தொட்டிலாடிய தங்கையின் குரலைக் கேட்டு, இது யாரோ ஒரு கிழவி என்று நம்பி அழுதிருக்கிறார். கூடப் பிறந்தவருக்கே அடையாளம் தெரியவில்லை. ஒரு நடிகைக்கு இதற்குமேல் என்ன பட்டம் வேண்டும்? எந்தச் சபையில் இதைவிடப் பெரிய விருது கொடுப்பார்கள்? ஆனால் அந்த விருதுக்கு அவர் கொடுத்த விலையை நினைத்தால் கை தட்டத் தோன்றுகிறதா? தட்டாதீர்கள். எனக்கும் தோன்றவில்லை.

குப்பாயி அக்காவும் இன்னும் சில பெண்களும் திருச்சிக்கு ரயிலேறினார்கள். துணைக்கு நான் ஆண்பிள்ளை. அப்போதுதான் மூலனூரிலிருந்து இங்கே வேலைக்கு வந்திருந்தேன், இந்த வீட்டுக் கதை எதுவும் எனக்குத் தெரியாது. ரேடியோ நிலைய வாசலில் காவல்காரர் என்ன வேண்டும் என்றார். மருதாளுக்குக் கோடி போட வந்திருக்கோமுங்க என்றாள் அக்கா. அந்த மனிதர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே போய்ச் சொன்னார். வெளியே வந்தார் ஒரு அம்மா. முப்பது முப்பத்தைந்து வயது, தலை நிறையக் கருகரு முடி, நெற்றியில் பெரிய பொட்டு. நான்தான் மருதாள் என்றார்.

குப்பாயி அக்காவுக்குக் குலை நடுங்கிவிட்டது. எங்கள் எல்லோருக்கும்தான். உசுரோடு நிற்கிற சுமங்கலிக்கு நாங்கள் கோடி கொண்டுவந்திருக்கிறோம். உலகத்தில் யாராவது செய்வார்களா? நம்மைத்தவிர வேறு யார் செய்வார்கள்? அக்கா தன் வாயில் தானே அடித்துக்கொண்டு, சேலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். அந்த அம்மாவின் பார்வை சேலைக்கரை மேல் விழுந்துவிட்டது. எந்த ஊர் என்றார். திருப்பூர், ராயபுரம் என்றோம். எந்தக் கம்பெனி, யார் எடுத்துக் கொடுத்தது என்றார். கந்தவேல் முதலாளி தன் கையால் எடுத்தார் என்றேன். இரண்டு கையையும் நீட்டி வாங்கி, அந்தச் சேலையில் முகத்தை வைத்துக்கொண்டார். வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு, மருதாளிடம் சேர்த்துவிடுகிறேன் என்று மட்டும் சொல்லி உள்ளே போனார். தான் யார் என்று சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

திருமுருகன் மேல் ஆணையாகச் சொல்கிறேன், அதோடு முடிந்தது என்றுதான் இருந்தோம். வருடங்கள் போயின. சென்னையில் டெலிவிஷன் வந்தது. இங்கே நம்மில் எத்தனை பேர் டெலிவிஷன் பார்த்திருக்கிறோம்? படம் தெரிகிற ரேடியோ என்று கேள்விப்பட்டிருக்கிறோம், அவ்வளவுதான். குரலிலே குடித்தனம் நடத்திய அமராவதி முகத்தோடு நிற்கவேண்டிய காலம் வந்தது. வக்கீலாக நடித்தார், வார்டனாக நடித்தார், கறாரான டீச்சராக நடித்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, வாய் பேசாத ஒரு தாயாக நடித்தார். ஒரு வசனம் கிடையாது. குரலையே மூலதனமாகக் கொண்டவர், குரலைப் பூட்டி வைத்துவிட்டுக் கண்ணாலும் கையாலும் பேசினார்.

அன்றைக்குப் பார்த்து நம் முதலாளி நூல் விஷயமாகச் சென்னைக்குப் போயிருக்கிறார். ஒரு கடைவாசலில் கூட்டம். எட்டிப் பார்த்தார். பெட்டிக்குள் தங்கை. தலைமுழுகிய தங்கை. தங்கையின் உடம்பில் ஒரு சேலை. கரையில் வேல். மருதாளுக்கு என்று அவர் எடுத்துக் கொடுத்த அதே கோடிச் சேலை.

முகம் தெரியாத குரலைக் கேட்டு அழுதவர், குரல் கேட்காத முகத்தைப் பார்த்து அலறிப்போனார். ஊருக்கு வந்து கட்டிங் டேபிளில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்துகொண்டு என்னிடம் கேட்டார்: “உசுரோட இருக்கறவளுக்குக் கோடி போட்டுட்டனே சாமியப்பா. அவளும் அதைக் கட்டிட்டு நிக்கறாளே. இனி என்னாகுமோ?” அன்றிலிருந்து அவருக்கு அந்த வெசனம்தான். தங்கை மேல் கோபம் என்று ஊர் நினைக்கிறது. இல்லீங்க. சத்தியமாக இல்லீங்க. கோபம் அந்தக் கடைவாசலிலேயே செத்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் மனதில் இருப்பதெல்லாம் பயம். தொண்டையில் கட்டி என்று செய்தி வந்ததும் பயம் இன்னும் பெரிதாகிவிட்டது. நான் போட்ட கோடிதான் அவள் தொண்டையைப் பிடித்துவிட்டது, இன்னொரு துணி என் கையால் போனால் அவள் உயிர் தங்காது என்று சிவன்மலைக்கும் சென்னிமலைக்கும் நடந்துகொண்டிருக்கிறார். அதனால்தான் இந்த நாற்காலி காலி. என் முதலாளி தனியாகச் சொன்னதை ஊர் முன்னால் சொல்லிவிட்டேன். நாளைக்கு என்னை வேலையை விட்டு நிறுத்தினாலும் நிறுத்தட்டும்.

மணி ஆகிறது என்று தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். தெரியுதுங்க ஐயா. மேற்கே மின்னுகிறது, அதுவும் தெரிகிறது. கரண்டு போய்விடுமோ, மழை வந்துவிடுமோ என்று எனக்கும் பயம்தான். இன்னும் கொஞ்சம் பொறுங்கள். சோடா வேண்டாம், அப்புறம் குடிக்கிறேன்.

இனி நான் சொல்லப்போவது இன்று சாயங்காலம் பொழுதோடதான் எனக்கே தெரியும். அம்மையார் காரைவிட்டு இறங்கி என் ஊட்டுக்கு வந்தார். என் மனைவி சின்னாத்தாள் தண்ணீர் கொடுக்கப் போனவள், அவர் கட்டியிருந்த சேலையைப் பார்த்துச் சொம்போடு நின்றுவிட்டாள். ஆமாம், பாருங்கள், இதோ இந்த மேடையில் அவர் கட்டியிருப்பதும் அந்தச் சேலைதான். வேல் கரை. நான் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்த கோடி. எனக்கு உயிரே போய்விட்டது. ஆபரேசனுக்குப் போகிறவர் இதையா கட்டுவார்? ஆனால் சின்னாத்தாள் பார்த்தது கரையை இல்லை. முந்தானை மூலையை. அங்கே மஞ்சள்.

தாய்மார்களே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? புதுத்துணி எடுத்தால் முதலில் என்ன செய்வீர்கள்? மூலையில் மஞ்சள் தொடுவீர்கள். பிறந்தநாள் துணிக்கு மஞ்சள். கல்யாணத் துணிக்கு மஞ்சள். அண்ணன் கொடுக்கிற சீர்ச் சேலைக்கு மஞ்சள். எந்தத் துணிக்கு மஞ்சள் தொடமாட்டீர்கள்? சொல்லுங்கள். உரக்கச் சொல்லுங்கள். கேட்டதா அந்தக் குழாய்க்கு? கோடிக்குத் தொடமாட்டோம். கோடிக்கு மட்டும்தான் தொடமாட்டோம்.

ஞானசம்பந்தம் ஐயா சொன்னார். அன்றைக்கு ரேடியோ நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்ததும் அம்மையார் அடுப்படிக்குப் போய் மஞ்சளை இழைத்து அந்தச் சேலை மூலையில் தொட்டு, சாமி படத்துக்கு முன்னால் வைத்தாராம். எங்கண்ணன் தெரியாமக் கோடின்னு குடுத்தாரு, நான் தெரிஞ்சே சீருன்னு வாங்கிக்கிட்டேன் என்றாராம். அது மட்டுமில்லை. துவைத்தால் மஞ்சள் போய்விடுமல்லவா? ஒவ்வொரு தடவை கட்டும்போதும் புதிதாக மஞ்சள் தொட்டுத்தான் கட்டுவாராம். டெலிவிஷனில் நடித்த அன்றைக்கும் தொட்டுத்தான் கட்டியிருக்கிறார்.

முதலாளி! அண்ணா! கேளுங்கள். அந்தப் பெட்டியில் நீங்கள் பார்த்தது கறுப்பும் வெள்ளையும். முகம் தெரிந்தது. கரை தெரிந்தது. வேல் தெரிந்தது. மஞ்சள் எப்படித் தெரியும்? சொல்லுங்கள், மஞ்சள் எப்படித் தெரியும் அந்தப் பெட்டியில்? உங்கள் கண்ணில் பட்டது கோடி. உங்கள் தங்கை உடம்பில் இருந்தது சீர். தெரியாத ஒரு நிறத்துக்காக இரண்டு வருடமாக நீங்கள் மலை மலையாக ஏறி இறங்குகிறீர்கள்.

பொழுதோடவே முதலாளியிடம் ஆளனுப்பி இதைச் சொன்னேன். என்னைச் சமாதானம் பண்ணச் சாமியப்பன் கட்டின கதை என்று சொல்லிவிட்டாராம். கதை கட்டுகிறவன்தான் நான், ஒத்துக்கொள்கிறேன். இது கட்டின கதை இல்லை. நீங்கள் போட்ட கோடி யாருக்குப் போனது? மருதாளுக்குப் போனது. அவள் காற்றில் பிறந்தாள், காற்றில் செத்தாள், அவளுக்குப் பிறந்த வீடாக நின்று கடனைத் தீர்த்தீர்கள். அதில் என்ன தப்பு? கமலாம்பாளுக்கு நீங்கள் இன்னும் ஒன்றுமே போடவில்லை. மருதாளுக்கு வந்த அண்ணன் கமலாம்பாளுக்கு வரமாட்டாரா? நாடகத்தில் அந்தக் கிழவி வாசலைப் பார்த்தாளே, செருப்புச் சத்தம் கேட்குதா என்று கேட்டாளே, அது எழுதிக் கொடுத்த வசனம் என்று நினைத்தீர்களா? அது வசனமானால், இன்றைக்கு வாய் திறக்காமல் இந்த மேடையிலிருந்து அவர் பார்த்துக்கொண்டே இருக்கிறாரே, அந்த வாசல் எந்த வாசல்?

என்ன அங்கே சலசலப்பு? பெண்கள் பக்கம் ஏன் எழுந்திருக்கிறீர்கள்? உட்காருங்கள். மழையா? இல்லை... வழி விடுங்கள். அம்மா, கொஞ்சம் ஒதுங்குங்கள், வழி விடுங்கள்.

வருகிறார். காலில் செருப்பில்லாமல் வருகிறார். கக்கத்தில் ஏதோ வைத்திருக்கிறார். யாரும் கை தட்ட வேண்டாம், கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், பேசாமல் இருங்கள். படியடியில் நின்றுவிட்டார். மேலே வாருங்கள் அண்ணா. வரமாட்டேன் என்கிறார், தலையை ஆட்டுகிறார். கக்கத்தில் இருப்பதை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார்.

அம்மையார் எழுந்துவிட்டார். படி ஓரத்துக்குப் போகிறார். ஞானசம்பந்தம் ஐயா, விடுங்கள், பிடிக்க வேண்டாம். முந்தானையை அவிழ்த்து மூலையை அண்ணன் பக்கம் நீட்டுகிறார். பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியாது, நான் சொல்கிறேன். அண்ணன் அந்த மூலையை வாங்கிவிட்டார். கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கிறார். கட்டைவிரலால் தேய்க்கிறார். விரலைத் தூக்கிப் பார்க்கிறார். விரலில் மஞ்சள், மக்களே. இன்றைக்கு இழைத்துத் தொட்ட மஞ்சள்.

மேலே ஏறிவிட்டார். கக்கத்தில் இருப்பது சேலை, அதே வேல் கரை. என்னங்க? கடைவாசலில் பார்த்துவிட்டு வந்த மறுநாளே எடுத்ததாம். கொடுக்கத் தைரியமில்லாமல் பீரோவிலேயே கிடந்ததாம். தாம்பாளத்தை இப்படிக் கொடுங்கள், மஞ்சள் கிண்ணம் அதில்தான் இருக்கிறது. தொட்டுவிட்டார். நான்கு மூலையிலும் தொடுகிறார். ஒரு மூலை போதுமுங்க அண்ணா. கேட்கமாட்டார். தொடட்டும், ஆசை தீரத் தொடட்டும்.

போட்டுவிட்டார். தங்கையின் தோளில் அண்ணன் துணி விழுந்துவிட்டது.

அம்மையார் வாயைத் திறக்கிறார். ஞானசம்பந்தம் ஐயா பதறி ஓடிவருகிறார். அண்ணன் தங்கையின் வாய்மேல் கையை வைத்துவிட்டார். ஏதோ சொல்கிறார். மைக்கில் சொல்லுங்கள் என்றால் மாட்டேன் என்கிறார். அவர் சொன்னதை நான் உங்களுக்குச் சொல்கிறேன். “இப்பப் பேசாத அம்மிணி. ஆபரேசன் முடிஞ்சு வந்து ரேடியோவுல பேசு. கம்பெனிய நிறுத்திப் போட்டு நான் கேக்கறேன்.”

அன்றைக்குப் பேசப் போகாதே என்று சொன்ன வாய், மக்களே, இன்றைக்குப் பேசச் சொல்கிறது.

என் பயம் போய்விட்டதா? போகவில்லைங்க. வருகிற வாரம் அந்தக் கத்தி இருக்கிறது. அந்தக் குரல் திரும்பி வருமா என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. முருகனிடம் கேளுங்கள், அவரவர் சாமியிடம் கேளுங்கள். குரல் வந்தால் அவர் மாமியாராகட்டும், மருமகளாகட்டும், ஆடாகக் கத்தட்டும். வராவிட்டால், அந்த வாய் பேசாத தாயாக நிற்கட்டும், படம் தெரிகிற ரேடியோ ஒரு நாள் நம் ஊருக்கும் வரும், நாம் பார்ப்போம்.

இவ்வளவு நேரம் இந்தச் சாமியப்பனைச் சகித்துக்கொண்ட தலைவர் ஐயாவுக்கும், ஒயரை ஒட்டிவைத்துக் காப்பாற்றிய மைக்செட் தம்பிக்கும், மஞ்சளைக் கண்டுபிடித்த என் சின்னாத்தாளுக்கும், பெய்யாமல் காத்துக்கொண்டிருக்கும் மழைக்கும், கோடி என்று கொண்டுபோய்ச் சீராக்கிவிட்டு வந்த குப்பாயி அக்காவுக்கும் என் நன்றி. ஆரம்பத்தில் ஒரு காலி நாற்காலிக்கு வணக்கம் சொன்னேன். அதை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருக்கும் அண்ணனுக்கும், அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் தங்கைக்கும், உங்கள் எல்லோருக்கும் அந்த வணக்கத்தைச் சொல்லி அமர்கிறேன்.